இறாற்கோதும் நோய்தணி மருந்தும்

மட்டக்களப்பு வாவியின் கரையிலே வைகறைப் பொழுதில் நிற்போர்க்கு ஒரு காட்சி புதிதன்று. இரவெல்லாம் தோணியிலிருந்து வலைவீசிய மீனவர் இறாலும் நண்டும் மீனுமாகக் கரைசேர்வர். சந்தை கூடும், விலை பேசப்படும், வீட்டுக்கு வந்த இறால் உரிக்கப்பட்டுச் சட்டியை அடையும். உரித்த கோதோ குப்பைமேட்டை அடையும். இறாலின் எடையில் ஏறத்தாழ 40 முதல் 50 சதவீதம் தலையும் கோதுமாகக் கழிந்துபோவதென்பர். காக்கையும் நாயும் கிளறியது போக எஞ்சியது அழுகி நாறும். இவ்வாறு நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து செல்லும் அப்பொருளினின்றும், மூட்டு நோவால் வருந்தும் முதியோர்க்கு மருந்தை அளந்தளந்து ஊட்டும் நுண்ணிய மணிகளைச் செய்யலாம் என அறிவியலாளர் காட்டியுள்ளனர். அதனை எம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் பயிலும் மாணவர்க்கும் எளிய தமிழில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியர்க்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று வினவுவாரும் உளராகலாம். அவர்க்கு எமது இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுதல் தகும். எழுபதைக் கடந்த எம் அன்னையார் முழங்கால் மூட்டு வீக்கத்தால் நெடுநாள் வருந்தினார். வைத்தியர் தந்த குளிசை பெரிதாயிருந்தது. விழுங்க இயலாது அன்னையார் இடர்ப்பட்டார். யாம் அன்புமிகுதியால் அதனை அம்மியிலிட்டுப் பொடித்துத் தேனிற் குழைத்துக் கொடுத்தோம். சின்னாட்களில் வயிற்றினுட் குருதி கசிந்து, மலம் கரிநிறமாகி, அன்னையார் மயங்கி வீழ்ந்தார். இறையருளாற் பிழைத்தார். அந்நாளில் வைத்தியர் ஒருவர் மருந்தின் உறையை எம் கையில் தந்து படிக்கச் சொன்னார். நசுக்காது முழுதாக விழுங்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. பகல் முழுதும் மெல்ல மெல்ல வெளிப்படவேண்டிய மருந்தை, யாம் ஒரு நொடியில் வயிற்றிற் கொட்டியிருந்தோம். ஆயிரம் மாணவர்க்குப் பொருளுணர்ந்து படிக்கக் கற்பித்த யாம், எம் அன்னையின் மருந்துறையைப் படித்திலேம். அந்நாள்முதல் இப்பொருளைக் கற்கத் தொடங்கினோம்.

முதற்கண் அழற்சி என்பது யாதெனக் காண்போம். உடலிற் காயமோ கிருமியோ தேய்மானமோ நேர்ந்தவிடத்து, உடல் தன்னைக் காக்கச் செய்யும் எழுச்சியே அழற்சி. வெம்மை, செம்மை, வீக்கம், நோவு ஆகிய நான்கும் அதன் அடையாளங்கள் எனக் கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே செல்சசு என்னும் உரோமர் எழுதிவைத்தார். அழற்சி அளவோடு நிற்பின் நன்மை. அடங்காது நிற்பின் அதுவே நோய். மேனாட்டார் வில்லோ என்னும் மரத்தின் பட்டையை நோவுக்கும் காய்ச்சலுக்கும் பண்டுதொட்டு வழங்கிவந்தனர். அப்பட்டையின் சத்து 1828ஆம் ஆண்டிற் பிரித்தெடுக்கப்பட்டது. அதன்வழி வந்த அசற்றைல் சலிசிலிக்கமிலத்தை 1897இல் செருமனியின் பேயர் நிறுவனத்தில் பீலிக்சு ஒப்மன் தூய நிலையில் ஆக்கினார். 1899இல் அது அசுப்பிரின் எனப் பெயர்பெற்றது. பின்னர் ஐபுபுரோபன், இந்தோமெதசின், தைக்குளோபெனக்கு முதலியன 1960களிலும் 1970களிலும் வந்தன.

இவை எவ்வாறு வேலைசெய்கின்றன என்பதை 1971இல் இங்கிலாந்தின் யோன் வேன் விளக்கினார்; அதற்காக 1982இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். உடலில் புரொசுத்தகிளாண்டின் என்னும் பொருள்களை ஆக்கும் ஒரு நொதியத்தை இம்மருந்துகள் தடுக்கின்றன. அப்பொருள்கள் மூட்டிலே நோவையும் வீக்கத்தையும் வளர்ப்பன. அவையே இரைப்பையிலோ உட்சுவரை அமிலத்தினின்றும் காக்கும் சீதப்படலத்தைப் பேணுவன. ஆகவே மூட்டின் நோவை அடக்கும் மருந்து, இரைப்பையின் காவலையும் குறைத்துவிடுகின்றது. இம்மருந்துகளை நெடுங்காலம் உண்போர்க்கு வயிற்றுப்புண் உண்டாதற்குக் காரணம் இதுவே.

இனி மற்றொரு குறையும் உண்டு. தைக்குளோபெனக்கு குருதியிற் கலந்தபின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். ஆதலின் சாதாரணக் குளிசையை நாளொன்றுக்கு இருமுறை மும்முறை உண்ணவேண்டியதாகின்றது. உண்டவுடன் மருந்து மிகும். சிறிது பொழுதிற் குன்றும். மீண்டும் நோவு தலைகாட்டும். உன்னிச்சைக் குளத்து நீரை நம்பிப் பயிர்செய்யும் உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. குளத்து நீர் முழுவதையும் ஒரேநாளில் திறந்துவிட்டால் வரம்புடைந்து பயிர் அழியும். மறுவாரம் வயல் வெடிக்கும். மதகின் வழியே அளவாக விட்டால் அதே நீர் அறுவடைவரை உதவும். மருந்துக்கும் ஒரு மதகு வேண்டும். அம்மதகே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து வெளியீடு எனப்படுவது. 1952இல் சிமித்து கிளைன் அன் பிரெஞ்சு என்னும் அமெரிக்க நிறுவனம், வெவ்வேறு தடிப்பில் மேற்பூச்சிட்ட சிறுமணிகளைக் கூட்டுக்குளிசையினுள் அடைத்து விற்கத் தொடங்கியது. பூச்சு மெல்லியதாயின் மணி முன்னே கரையும். தடித்ததாயின் பின்னே கரையும்.

இம்மதகை எப்பொருளாற் கட்டுவது? ஈண்டுத்தான் பல்பகுதியம் என்னும் சொல் வருகின்றது. மல்லிகைப் பூக்கள் பல சேர்ந்து மாலையாதல்போல, சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கோவைப்பட்டு நீண்ட சங்கிலியாவது பல்பகுதியம். பிளாத்திக்கு மனிதன் செய்தது. பருத்தி, மா, பிசின் முதலியன இயற்கை தந்தன. இறாற்கோதிலும் நண்டின் ஓட்டிலும் உள்ள கைற்றினும் அத்தகையதே. 1811இல் பிரெஞ்சு அறிஞர் என்றி பிராக்கனோ அதனை முதலிற் காளானிற் கண்டார். தாவரங்களின் செலுலோசுக்கு அடுத்தபடியாக உலகில் மிகுதியாயுள்ள பல்சக்கரைட்டு இதுவென்பர்.

கோதிலே கைற்றினோடு கல்சியங் காபனேற்றும் புரதமும் பிணைந்துள்ளன. கோதைக் கழுவி, உலர்த்தி, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் இட்டால் நுரைத்துச் சுண்ணச்சத்து நீங்கும். பின்னர் ஐதான சோடியமைதரொட்சைட்டுக் கரைசலிற் சூடாக்கினால் புரதம் நீங்கும். எஞ்சிய கைற்றினைச் செறிந்த காரத்திற் காய்ச்சினால் அதன் அசற்றைற் கூட்டங்கள் கழன்று கைற்றோசன் கிடைக்கும். இம்மாற்றத்தை 1859இல் உரூசே என்பார் கண்டறிந்தார். கைற்றின் நீரிலும் கரையாது, ஐதான அமிலத்திலும் கரையாது. கைற்றோசனோ வினாகிரி போன்ற மென்னமிலத்திற் கரையும். கரைந்தபோது நேரேற்றமும் பெறும். இந்நேரேற்றமே அதன் சிறப்பு. கொச்சியிலுள்ள இந்திய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இறாற்கழிவிலிருந்து கைற்றோசன் ஆக்கும் முறைகளை வகுத்துள்ளது. குருதிப்போக்கை நிறுத்தும் கைற்றோசன் கட்டுத்துணி 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

கைற்றோசனுக்குத் துணையாவது கடற்பாசி. சார்காசம் முதலிய கபிலப்பாசிகளில் அல்ஜினிக்கமிலம் உண்டு. 1881இல் பிரித்தானிய இரசாயனர் எட்வேட்டு சிற்றான்போட்டு அதனை அறிவித்தார். மன்னார் வளைகுடாவின் தமிழகக் கரையில் இத்தகைய பாசிகளைத் திரட்டி அல்ஜினேற்று ஆலைகளுக்கு அனுப்பும் தொழில் பல்லாண்டாக நடந்துவந்தது. சோடியம் அல்ஜினேற்று நீரிற் கரையும். அக்கரைசலின் துளியொன்று கல்சியங் குளோரைட்டுக் கரைசலில் வீழ்ந்தவுடன் திரண்டு உருண்டையாகும். கல்சியம் அயன்கள் இரு சங்கிலிகளின் இடையே அமர்ந்து அவற்றைப் பிணைப்பதே காரணம். முட்டைப் பெட்டியின் குழிகளில் முட்டைகள் அமர்ந்திருத்தல் போன்றதாகலின், இதனை முட்டைப்பெட்டி அமைப்பென 1973இல் அறிஞர் விளக்கினர்.

மருந்தை அல்ஜினேற்றுக் கரைசலிற் கலந்து, மிகச் சிறு துளிகளாகத் தெளித்து, கல்சியத்தில் திரளச்செய்து, பின்னர் கைற்றோசன் கரைசலில் தோய்த்தெடுத்தால் நுண்துணிக்கை ஆயிற்று. அல்ஜினேற்று எதிரேற்றமுடையது, கைற்றோசன் நேரேற்றமுடையது, ஆதலின் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பற்றி மணியின்மேல் உறுதியான தோலாகும். ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு மைக்குரோமீற்றர். இம்மணிகள் ஒன்று முதல் ஆயிரம் மைக்குரோமீற்றர் வரை விட்டமுடையன. தலைமயிரின் தடிப்பு 100 மைக்குரோமீற்றருக்கு உட்பட்டதென எண்ணின் இவற்றின் நுண்மை புலனாகும். முற்காலத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகங்களில் இடையே காபன்தாளின்றிப் படிவிழும் தாளைக் கண்டிருப்பீர்கள். 1950களில் அமெரிக்காவில் தோன்றிய அத்தாளில் மை நிரம்பிய நுண்ணறைகள் இருந்தன. அவ்வறைகள் செலற்றினும் அராபிக் கோந்துமாகிய இயற்கைப் பல்பகுதியங்களால் ஆனவை. எழுத்துமைக்கு உதவிய கலையே மருந்துக்கும் உதவிற்று.

இம்மணிகள் வயிற்றினுட் சென்றால் நிகழ்வதென்ன? இரைப்பையின் கடும் அமிலத்தில் அல்ஜினேற்று கரையாது சுருங்கும். ஆகவே மருந்து பெரிதும் உள்ளே அடங்கியிருக்கும். சிறுகுடலை அடைந்தபின் அமிலம் தணியும். அங்குள்ள சோடியமும் பொசுபேற்றும் கல்சியத்தை மெல்ல விலக்கும். மணி ஊதிப்பெருத்துத் தளரும். மருந்து சிறிது சிறிதாகக் கசியும். ஒரு பெருங்குளிசை ஓரிடத்தில் தங்கிச் சுவரை அரித்தல் கூடும். நூற்றுக்கணக்கான மணிகளோ குடல் முழுதும் பரவிச் செல்லும். அவற்றுள் ஒன்றிரண்டு உடையினும் கெடுதி சிறிதே. தைக்குளோபெனக்கு, ஐபுபுரோபன், இந்தோமெதசின் ஆகியவற்றைக் கொண்டு இந்தியாவிலும் பிற நாடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் பல நடந்துள்ளன. புளியங்கொட்டையின் பசையும் மரமுந்திரிகைப் பிசினும்கூட ஆராயப்பட்டுள்ளன. இவையெல்லாம் எம் ஊர்ப் பொருள்களல்லவோ?

ஆயினும் புகழ்ச்சியோடு நின்றுவிடுதல் ஆசிரியர்க்கு அழகன்று. இம்முயற்சியின் இடர்களையும் கூறல் வேண்டும். முதலாவது, இயற்கைப் பொருள் ஒரு தொகுதிபோல் மற்றொரு தொகுதி இராது. பாசியின் இனமும் பருவமும், கோதைக் காய்ச்சிய காலமும் மாறின் சங்கிலியின் நீளமும் மாறும். மருந்து வெளிப்படும் வேகமும் மாறும். இரண்டாவது, மணியின் மேற்பரப்பில் ஒட்டிய மருந்து முதலிலேயே விரைந்து வெளியேறிவிடுவதுண்டு. மூன்றாவது, இறால் ஒவ்வாதோர்க்குக் கைற்றோசன் மிகத் தூயதாயிருத்தல் வேண்டும். நான்காவது, குருதியிற் கலந்த மருந்தும் இரைப்பையின் காவலைக் குறைப்பதாகலின், எத்துணை நுண்மணியாயினும் வயிற்றுப்புண் அச்சம் முற்றும் நீங்காது. முழங்கால் மூட்டினுள் ஊசிவழி செலுத்தி வாரக்கணக்கில் அழற்சியைத் தணிக்கும் நுண்துணிக்கை மருந்தொன்று 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவும் செயற்கைப் பல்பகுதியத்தால் ஆனது. இயற்கைப் பல்பகுதிய மணிகளிற் பெரும்பாலன இன்னும் ஆய்வுகூடத்தைக் கடக்கவில்லை. கடப்பிக்கவேண்டியவர்கள் இன்று வகுப்பறையில் இருப்பவர்களே.

இக்கட்டுரையைப் படிப்போர் நான்கு செய்திகளை மனங்கொள்ளல் வேண்டும். மெல்ல வெளிப்படுமாறு செய்த குளிசையை நசுக்கவோ மெல்லவோ கரைக்கவோ கூடாது. விழுங்க இயலாதார் வைத்தியரிடம் வேறு வடிவம் கேட்டல் வேண்டும். நோவு மிக்கதென்று ஒருவேளைக்கு இரண்டு உண்ணலாகாது. ஒருவர்க்குத் தந்த குளிசையை மற்றொருவர் வாங்கி உண்ணலும் ஆகாது. வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உடையோரும், கருவுற்ற மகளிரும் வைத்தியர் சொல்லின்றி இவற்றைத் தொடலாகாது. டெங்கு ஐயமுள்ள காய்ச்சலில் அசுப்பிரின், ஐபுபுரோபன், தைக்குளோபெனக்கு ஆகியன குருதிப்போக்கை மிகுவித்து உயிருக்கே கேடு சூழும். மாரியில் நுளம்பு பெருகும் எம் பிரதேசத்தில் இதனை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சிறு பரிசோதனையும் கூறுவோம். ஆசிரியர் மேற்பார்வையில் சோடியம் அல்ஜினேற்றுக் கரைசலிற் சிறிது உணவுச்சாயம் கலந்து, துளித்துளியாகக் கல்சியங் குளோரைட்டுக் கரைசலில் விடுக. திரண்ட மணிகளிற் சிலவற்றை வினாகிரியிலும் சிலவற்றைச் சோடியம் சித்திரேற்றுக் கரைசலிலும் இடுக. முன்னதில் மணி உறுதியாய் நிற்கும். பின்னதில் இளகிக் கரைந்து சாயம் பரவும். மதகு அடைத்தலும் திறத்தலும் கண்முன்னே நிகழும்.

கீழ்மாகாணத்துக் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் தமிழ்ப் பேராசிரியர் என்பதைப் பலரும் அறிவர். அவர் இரசாயனம் கற்பித்த ஆசிரியரும் ஆவர் என்பதைச் சிலரே நினைவர். 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. தமிழையும் அறிவியலையும் இரு கரைகளாகக் கருதாது, இடையே பாலமிட்டவர் அவர். அப்பாலத்தின்வழி நடத்தல் எம் கடன். மருந்துறையின் வாசகம் தமிழிலும் அச்சாகும் நாள் வரவேண்டும். அதுவரை, அறிந்தவர் அறியாதார்க்குத் தமிழில் எடுத்துச் சொல்லவேண்டும். எம் அன்னையார்க்கு நேர்ந்தது பிறர் அன்னையர்க்கு நேராதிருக்க இதுவே வழி.

வாவிக்கரையிலே குவிந்துகிடக்கும் கோது இன்றும் குப்பையே. அதனைப் பொருளாக்கும் அறிவு எம் கல்லூரி மாணவர் ஒருவரிடத்தே முளைக்குமாயின், இவ்விழாமலரில் யாம் எழுதிய இச்சிறு கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும். அத்தகைய மாணவரை ஆக்கித் தரும் எம் கல்லூரி நீடு வாழ்க.