பனியே இல்லாத ஊரில் பனிச்சறுக்குப் பயிற்சியா?

குல்மார்க்கிலோ அவுலியிலோ பனிச்சறுக்கு கற்கப் போகிறீர்கள். இருப்பதோ புதுக்கோட்டை வெயிலில். வீட்டில் பழகக் கருவி வாங்குமுன் இவற்றைக் கவனியுங்கள்.

1. கம்பளப் பட்டை ஓடும் பெரிய கருவி வேண்டாம். அதற்குத் தனிக் கூடமும் பக்கத்தில் நிற்கப் பயிற்றுநரும் தேவை. வளைந்த தண்டில் இரு மிதிகள் இடவலமாகச் சறுக்கும் சிறு கருவியே வீட்டுக்குப் போதும்.

2. ஏறி நின்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். அடிச்சட்டம் ஆடினால் கணுக்கால் பிசகும். பிடிகம்பி உள்ளதாகவே கேளுங்கள்.

3. மின்விசிறிக்கு நேர்கீழே போடாதீர்கள். மிதிமேல் நின்று கையைத் தூக்கினால் இறக்கை தட்டும். வழவழ டைல்ஸ் தரையென்றால் அடியில் ரப்பர் விரிப்பு கட்டாயம்.

4. கருவியின் ரப்பர் பட்டைக்கு மாற்று கிடைக்குமா என்று விசாரியுங்கள். நம் வெயிலுக்கு ரப்பர் சீக்கிரம் வெடிப்பு விடும். ஜன்னலோரம், மொட்டைமாடிக் கொட்டகை இரண்டும் ஆகாது.

5. கருவி வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பக்கத்திலிருக்கும் நார்த்தாமலைக்குப் போங்கள். பாறை சுடுமுன், விடியற்காலையில் ஏறி, இறங்கும்போது முழங்காலை மடக்கி நிதானமாக அடியெடுத்து வையுங்கள். சறுக்கும்போது உடலைத் தாங்கும் முன்தொடைத் தசையை இந்த இறக்கம் உறுதியாக்கும். ஏறுவது மூச்சுக்கும் நல்லது; குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே சீக்கிரம் மூச்சு வாங்கும். என்னைக் கேட்டால், எந்தக் கருவியையும்விட இந்த மலையேற்றமே முதல் தேவை.

6. முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

7. சறுக்கலை நிறுத்தும் வித்தையைப் பனியில் பயிற்றுநரிடமே கற்றுக்கொள்ளுங்கள். வீட்டுக் கருவியில் அது வராது.