வண்ணம் தானே வரையும் ஓவியம்

கிடையாக வைத்த ஒரு பலகையில் கறுப்பு வண்ணத்தை ஊற்றி, அது காயுமுன் அதன்மேல் வெள்ளையை ஊற்றினால் என்ன ஆகும்? வெள்ளை கறுப்பை அப்படியே மூடிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? ஆனால் சற்று நேரத்தில் வெள்ளைப் பரப்பில் ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகள் எழும். அவை பெருகி, விநோதமான வலைப்பின்னலாகிவிடும். தூரிகையே வேண்டாம்!

மெக்சிகோ நாட்டு ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிகேரோஸ் 1936-இல் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் இம்முறையைக் கையாண்டார். இதற்குத் ‘தற்செயல் ஓவியம்’ என்று பெயர். பிற்காலத்தில் அரூப ஓவியத்தில் புகழ்பெற்ற ஜாக்சன் பொல்லாக்கும் அப்பட்டறையில் பயின்றார்.

இது உண்மையில் தற்செயல்தானா? மெக்சிகோ அறிவியலாளர்கள் இதைச் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். வெள்ளை மேலே இருந்தால் கோலம் தோன்றியது. கறுப்பு மேலே இருந்தால் தோன்றவில்லை. காரணம் அடர்த்தி. அவர்கள் எடுத்த வெள்ளை, கறுப்பைவிட அடர்த்தி மிக்கது. அடர்ந்த திரவம் மேலே இருந்தால் புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். லேசானது இடம் பிடித்து மேலே எழும். இதற்கு ‘ரேலி-டெய்லர் நிலையின்மை’ என்று பெயர். வண்ணத்தின் பிசுபிசுப்பும், அடுக்குகளின் தடிப்பும் கோலத்தின் அளவை நிர்ணயிக்கின்றன.

செய்து பாருங்கள்

அரைத் தம்ளர் நீரில் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து, சில சொட்டு நீல மை சேருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. முதல் தம்ளரில் பாதியளவு நல்ல நீர் எடுங்கள். அதன் மேல்மட்டத்தில் கரண்டியைப் பிடித்து, நீல உப்புநீரை அதன்வழியே மெதுவாக விடுங்கள். நீல நிறம் விழுதுகள்போல் இறங்கும்.

2. இரண்டாவது தம்ளரில் மீதி நீல உப்புநீரை ஊற்றி, அதன்மேல் நல்ல நீரை அதேபோல் மெதுவாக விடுங்கள். இரண்டும் தனித்தனி அடுக்குகளாக நிற்கும்.

திரவங்கள் அவையேதான், வரிசைதான் மாறியது!

இனி உங்களிடமுள்ள வண்ணங்களுக்கு வாருங்கள். ஒவ்வொன்றிலும் 10 மி.லி. அளந்து தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை கூடியதே அடர்த்தி மிக்கது. எதை மேலே ஊற்றினால் கோலம் வரும்? ஊற்றுவதற்கு முன்பே விடையை ஏட்டில் எழுதிவிடுங்கள்; பிறகு அட்டையில் ஊற்றுங்கள். விடை தவறினால் வருந்தவேண்டாம். வண்ணம் மிகக் கெட்டியாக இருந்ததா, அடுக்கு மிக மெல்லியதா என்று ஆராயுங்கள். அங்கேதான் அடுத்த சோதனை தொடங்குகிறது.