கடல்நீரைக் குடிநீராக்குதல்: வணிகர் அறிய வேண்டிய கணக்கு



பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தை அறியாதவர் நம்மில் இல்லை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாக எழுந்தது அது. அன்றுபோல் இன்றும் புதுவை நகரம் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கிறது. ஆனால் கடலோரத்தில் அளவுக்கு மீறி நீரை இறைத்ததால், நல்ல நீர் இருந்த இடத்தில் கடல்நீர் புகுந்து பல ஆழ்துளைக் கிணறுகள் உப்பாகிவிட்டன. "எதிரே கடல் இருக்கிறதே, அதையே குடிநீராக்கினால் என்ன?" என்ற பேச்சு நம் கடைவீதியிலும் எழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் அடக்கவிலை பார்க்காமல் எந்தச் சரக்கையும் நாம் கொள்முதல் செய்வதில்லை. இதற்கும் அந்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வேலை நடக்கும் விதம்

1,000 லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிலோ உப்பு இருக்கிறது. நாம் விற்கும் ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தில் 35 பொட்டலம்! மரக்காணம் உப்பளத்தில் வெயில் தண்ணீரைக் கொண்டுபோய் உப்பை நமக்கு விட்டுவைக்கிறது. கடல்நீர் நிலையத்தில் நாம் உப்பை ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு வெயில் போதாது. வீடுகளில் இருக்கும் ஆர்.ஓ. இயந்திரம் போலவே, மெல்லிய சவ்வு வழியாக நீரை அழுத்தித் தள்ள வேண்டும். லாரி டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 பவுண்டு அழுத்தம் வைக்கிறோம். கடல்நீருக்கு 800 முதல் 1,000 பவுண்டு வரை தேவை. இந்த அழுத்தத்துக்காகத்தான் மின்சாரம் பெருமளவு செலவாகிறது. 1,000 லிட்டர் நல்ல நீருக்கு ஏறக்குறைய 3 முதல் 4 யூனிட் ஆகும். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் தரும் நிலையம் என்றால் தினமும் 30,000 முதல் 40,000 யூனிட்!

உள்ளே போகும் நீர் முழுவதும் குடிநீராகாது. 1,000 லிட்டருக்குச் சுமார் 400 முதல் 450 லிட்டர்தான் தேறும். மீதி நீர் கடலைவிட ஏறத்தாழ இரு மடங்கு உப்போடு வெளியேறும். அதைக் கரையோரத்தில் கொட்டினால் மீன்வளம் கெடும், மீனவர் பிழைப்பும் கெடும்.

அடக்கவிலை

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் அமைந்த மீஞ்சூர் நிலையம் 2010இல் செயல்பாட்டுக்கு வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறன் கொண்டது. அதற்காக 2005இல் செய்த ஒப்பந்தத்தில் 1,000 லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு என்று விலை பேசப்பட்டது. மின்கட்டணம் உயர உயர இத்தகைய நீரின் விலையும் உயரும் என்பதை மறக்கலாகாது.

நம் கடைகளில் விற்கும் 20 லிட்டர் கேனை 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 1,000 லிட்டருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. கேனின் விலையில் வண்டிக்கூலியும் ஆள்கூலியும் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மை. இருந்தாலும் கடல்நீர் எட்டாத விலை அல்ல என்பது தெரிகிறது. ஆனால் கிணற்று நீரோடும் ஏரி நீரோடும் ஒப்பிட்டால் விலை கூடுதல்தான்.

பஞ்ச காலத்தில் இதன் பயன் தெரியும். 2019இல் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. மழையை எதிர்பாராமல் அந்நாளில் கைகொடுத்தவை மீஞ்சூரும், 2013இல் திறக்கப்பட்ட நெம்மேலியும். நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

மழை வந்த பிறகு?

அமெரிக்காவில், கலிபோர்னியாக் கடற்கரையில் சாந்தா பார்பரா என்ற சிறு நகரம் உள்ளது. கடும் வறட்சியின்போது சுமார் 3 கோடியே 40 லட்சம் டாலர் செலவில் அங்கே ஒரு கடல்நீர் நிலையம் கட்டினார்கள். அது 1992இல் சில மாதங்களே ஓடியது. நல்ல மழை பெய்தது. ஏரி நீர் மலிவாகக் கிடைக்கும்போது விலை கூடிய நீர் எதற்கு என்று நிறுத்திவிட்டார்கள். கருவிகளில் ஒரு பகுதி விற்கப்பட்டது. மீண்டும் வறட்சி வந்ததும் நிலையத்தைப் புதுப்பித்தார்கள். செலவு சுமார் 7 கோடியே 20 லட்சம் டாலர். முதலில் கட்டியதைப்போல் இரு மடங்குக்கும் மேல்! 2017இல் மறுபடி ஓடத் தொடங்கிய அந்நிலையம் நகரின் தேவையில் சுமார் 30 சதவீதத்தைத் தரும் திறன் கொண்டது. புதிய இயந்திரங்களால் மின்செலவு குறைந்தது ஒரு நன்மை.

பூட்டிய கடைக்கும் வாடகை உண்டு என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நின்றுபோன நிலையத்துக்கும் வட்டி ஓடும். குழாய் துருப்பிடிக்கும். சவ்வுகளை உரிய மருந்து நீரில் பாதுகாக்காவிட்டால் கிருமி படிந்து வீணாகும். எனவே பஞ்சத்தில் அவசரமாகக் கட்டி மழையில் மறந்துவிடுவதே இதில் பெரிய நஷ்டம்.

நாம் கேட்க வேண்டியவை

புதுவைக்கு இத்திட்டம் வருமானால், நம் சங்கம் ஆதரவோ எதிர்ப்போ சொல்வதற்கு முன் நான்கு விவரங்களைக் கேட்டுப் பெற வேண்டும். மழை நன்றாகப் பெய்யும் ஆண்டிலும் நிலையம் ஓடுமா, ஓடாவிட்டால் பராமரிப்புச் செலவு யாருடையது? மின்கட்டணம் ஏறினால் அந்தச் சுமை வணிகரின் குடிநீர்க் கட்டணத்தில் விழுமா? உப்புக் கழிவு நீர் எங்கே, எவ்வளவு தூரத்தில் விடப்படும்? வழியில் குழாய்க் கசிவை அடைக்க என்ன ஏற்பாடு? 50 ரூபாய் நீரை ஓட்டைக் குழாயில் விடுவது, ஓட்டைச் சாக்கில் சர்க்கரை கட்டுவதற்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. ஊசுட்டேரி, பாகூர் ஏரி உள்ளிட்ட 84 ஏரிகள் நம் பகுதியின் பழைய முதல். அவற்றில் தேங்கும் நீர் நிலத்தில் இறங்கினால்தான் கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கப்படும். வாய்க்கால் தூர்ந்தால் அந்த முதலும் கரைந்துவிடும். கையிருப்பைப் பாழாக்கிவிட்டுக் கடன் வாங்கிச் சரக்குப் போடுவது எந்த வணிகருக்கும் அழகல்ல. ஏரியைக் காப்போம். அதற்குமேல் பற்றாக்குறை இருந்தால், ஆண்டு முழுதும் நடத்தும் திட்டத்தோடு கடல்நீர் நிலையத்தைக் கேட்போம். ஒவ்வொரு கடைக்காரரும் தம் கடையின் ஒரு மாதத் தண்ணீர்ச் செலவை, கேன், லாரி, மோட்டார் மின்சாரம் எனத் தனித்தனியே எழுதிச் சங்கத்திடம் தரலாம். அந்தக் கணக்கு கையில் இருந்தால், அதிகாரிகள் முன் நம் பேச்சுக்கு எடை கூடும்.