கணக்கைப் படிப்படியாகச் செய்வோம்

கணக்கு என்றாலே அஞ்சும் பிள்ளைகள் பலர். கேள்வியை முழுமையாகப் படிக்காமல், எண்களைக் கண்டவுடன் கூட்டுவதா, பெருக்குவதா என்று ஊகிப்பதே இவ்வச்சத்திற்கு ஒரு பெருங்காரணமாகும். ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு நான்கு படிகளைக் காட்டினார். கேள்வியைப் புரிந்துகொள்ளல், வழி வகுத்தல், அவ்வழியே செய்தல், விடையைச் சரிபார்த்தல் என்பனவே அவை.

லகாட் வட்டாரத் தோட்ட மக்களுக்குப் பழக்கமான பால் கணக்கு ஒன்றைக் கொண்டு இதனை விளக்குவோம். மரத்துப் பாலில் பெரும்பகுதி நீர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே ரப்பர். மழைநீர் கலந்தால் அப்பங்கு மேலும் குறையும். ஆதலால் பாலின் எடையோடு காய்ந்த ரப்பரின் விழுக்காட்டையும் அறிதல் வேண்டும்.

கேள்வி: ஒருவர் முதல் நாள் 28 கிலோ பால் எடுத்தார், அதில் காய்ந்த ரப்பர் 38 விழுக்காடு. மறுநாள் எடுத்தது 20 கிலோ, விழுக்காடு 32. இரு நாளும் சேர்த்துக் கிடைத்த காய்ந்த ரப்பர் எவ்வளவு?

முதற்படி: கேட்கப்படுவது பாலின் எடையன்று, காய்ந்த ரப்பரின் எடை.

இரண்டாம் படி: ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியே கண்டு, பிறகு கூட்டுதல் வேண்டும்.

மூன்றாம் படி:
முதல் நாள்: 28 × 38 ÷ 100 = 10.64 கிலோ.
மறுநாள்: 20 × 32 ÷ 100 = 6.40 கிலோ.
மொத்தம்: 17.04 கிலோ.

நான்காம் படி: மொத்தப் பால் 48 கிலோ. அதில் 17.04 கிலோ என்பது 35.5 விழுக்காடு. இது 32க்கும் 38க்கும் இடையில் உள்ளது. மிகுதியான பால் கிடைத்த நாளின் விழுக்காட்டை நெருங்கியும் நிற்கிறது. எனவே விடை பொருத்தமானதே.

சிலர் 38ஐயும் 32ஐயும் கூட்டி, இரண்டால் வகுத்து, 35 விழுக்காடு எனக் கொள்வர். அப்போது 48 × 35 ÷ 100 = 16.80 கிலோ மட்டுமே வரும். இரு நாளில் குறைவது 0.24 கிலோ. இதே அளவுகள் மாறி மாறி வர, 26 நாள் வேலை செய்பவருக்கு இக்குறை 13 மடங்காகி, 3.12 கிலோ ஆகிவிடும். காய்ந்த ரப்பரின் எடைக்கேற்பக் கூலி பெறுபவருக்கு இது உழைத்தும் கைக்கு வராத பணமன்றோ?

ஆகவே, நாள், பாலின் எடை, விழுக்காடு ஆகிய மூன்றையும் நாம் ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வைத்தல் நலம். மாலையில் பிள்ளைகள் பாடம் செய்யும்போது, “என்ன கேட்கிறார்கள்? என்ன கொடுத்திருக்கிறார்கள்? விடை பொருந்துகிறதா?” என்று கேட்போம். பள்ளிப் படிப்புக் குறைந்த பெற்றோரும் இம்மூன்றையும் கேட்கலாம். நம் குறிப்பேட்டின் கணக்கையே அவர்களிடம் கொடுத்துச் செய்யச் சொன்னால், பிள்ளைக்குப் பயிற்சியும் நமக்குக் கூலிக் கணக்கில் தெளிவும் ஒருங்கே கிட்டும்.