ஏறுபவரும் உடன் ஏறுபவரும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டி 1868 மீட்டர் உயரத்தில் நிற்கிறது அகத்தியர்கூடம். நாம் பொதிகை என்று போற்றும் மலைகளின் சிகரம் அது. சிவபெருமானின் திருமணத்தைக் காண அனைவரும் கயிலையில் கூடியபோது வடதிசை தாழ்ந்தது. அதைச் சமன்செய்ய இறைவன் தென்திசைக்கு அனுப்பியது குறுமுனியாகிய அகத்தியரை. உடலின் அளவைக்கொண்டு ஆற்றலை அளக்கும் நமது வழக்கம் அந்தக் கதையின் முன் நாணி நிற்கிறது.

போனக்காட்டிலிருந்து காட்டுவழியே நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் சிகரம் ஏற வேண்டும். செங்குத்தான பாறைகளில் கயிற்றைப் பற்றித்தான் ஏற முடியும். இத்தகைய மலைக்குப் புறப்படும் நண்பர்களிடம், ஊன்றுகோலுடன் நடக்கும் ஒருவர் 'நானும் வருகிறேன்' என்றால் என்ன பதில் கிடைக்கும்? 'உனக்கு ஏன் இந்தச் சிரமம்?' என்பதே பெரும்பாலும் நம் நாவில் வரும். அதில் அன்பு உண்டு. அவருக்காக நாமே முடிவெடுத்துவிடும் அகந்தையும் உண்டு.

கேரளத்தின் ஆலுவாவைச் சேர்ந்த நீரஜ் ஜார்ஜ் பேபி, எட்டு வயதில் எலும்புக் கட்டியால் இடது காலை இழந்தவர். 2019 அக்டோபரில் அவர் ஊன்றுகோல்களுடன், நண்பர்கள் உடன்வர, ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த சிகரமான கிளிமஞ்சாரோவில் ஏறினார். அதன் உயரம் 5895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். உச்சியை நெருங்கும் சரிவெங்கும் எரிமலைச் சரளை. இரு கால்களால் நடப்பவருக்கே ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும். ஊன்றுகோலில் செல்பவருக்கோ உடலின் பாரம் உள்ளங்கைகளிலும் தோள்களிலும் இறங்குகிறது. கோலின் முனை உறுதியாக ஊன்றிய பின்னரே அடுத்த அடி. 'போலே, போலே', அதாவது 'மெல்ல, மெல்ல' என்று அம்மலையின் வழிகாட்டிகள் சுவாஹிலி மொழியில் எல்லோரிடமும் சொல்வார்கள்.

இவ்வாறு ஏறியவரை நாம் பாராட்டி மகிழ்கிறோம், தவறில்லை. ஆனால் உடன் சென்றவர்கள் செய்வது என்ன என்பதையும் சிந்திக்க வேண்டும்.

2001 மே 25 அன்று, பார்வையற்ற எரிக் வைஹென்மேயர் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். அந்தப் பயணத்தில் அவருக்கு முன்னே சென்ற தோழர்கள் மணி ஒன்றை ஒலித்தபடி நடந்தார்கள். பள்ளம், பாறை, வளைவு எனப் பாதையைச் சொல்லிக்கொண்டே போனார்கள். ஒலியைப் பின்பற்றி அவர் தம் கால்களாலேயே ஏறினார். எவரும் அவரைச் சுமக்கவில்லை. தோழர்கள் தந்தது அவருக்கு வேண்டிய செய்தி. அடியெடுத்து வைத்தவர் அவர்.

நம் ஊர் மலைகளுக்கும் இது பொருந்தும். குழுவின் வேகம் ஊன்றுகோலின் வேகமாகட்டும். முன்னே ஓடிச்சென்று காத்திருப்பவர்கள், அவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் புறப்பட்டுவிடுகிறார்கள். ஓய்வு கிடைப்பது அவர்களுக்கு, அவருக்கல்ல. கைநீட்டும் முன் 'எங்கே பிடிக்கட்டும்?' என்று கேட்க வேண்டும். கேளாமல் ஊன்றுகோலைப் பற்றி இழுத்தால் அவர் விழுவார். ஏனெனில் நாம் இழுத்தது அவருடைய காலை. இறங்கும்போது கவனம் இன்னும் அதிகம் தேவை. உடல் முன்னோக்கிச் சாயுமாதலால் துணைவர் ஒருவர் அவருக்குச் சற்றுக் கீழே செல்வது நலம்.

எந்த நேரத்துக்குள் சிகரத்தை அடையாவிட்டால் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். அந்த எல்லை அவருக்கு மட்டும் உரியதன்று, குழுவினர் அனைவருக்கும் பொது. பாதி வழியில் முழங்கால் பிசகி உட்கார்ந்துவிடுபவர் அவராகத்தான் இருப்பார் என்று யார் சொன்னது?