பழைய ஜீப்புக்கு வேறு ஆக்ஸில்: மலையில் சொல்வதும் நடப்பதும்

குன்னூர், கோத்தகிரி பக்கத்துப் பட்டறைகளில் பழைய மகேந்திரா ஜீப்போ பிக்கப்போ வந்து நின்றால், பின் ஆக்ஸில் பற்றிய பேச்சு எழாமல் இருக்காது. பச்சைத் தேயிலையை ஃபேக்டரிக்கும் கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்கும் சுமந்தே தேய்ந்த வண்டிகள் அவை. கிரௌன் பல் ஊளையிடத் தொடங்கியதும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அவற்றில் பாதி சமவெளிக்குப் பொருந்தும். மீதி எங்கேயும் பொருந்தாது.

“பெரிய வண்டி ஆக்ஸிலைப் போடுங்க, இழுவை கூடும்.”

அடிக்கடி காதில் விழுவது இதுதான். ஆக்ஸிலின் பருமனுக்கும் இழுவைக்கும் சம்பந்தமே இல்லை. இழுவையைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் பல் கணக்கு. வில்லிஸ் வழி வந்த ஜீப்பில் கிரௌனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல் என்றால் விகிதம் 5.38. 39க்கு 8 என்றால் 4.88. எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினின் பலமும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு இறங்கிவிடும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவது இந்தப் பல் கணக்குதான். தடித்த ஹவுசிங்கைப் பார்த்து மயங்கி 4.27 விகிதமுள்ள ஆக்ஸிலை மாட்டினால், வண்டி முன்பைவிட மோசமாகத் திணறும்.

விகிதம் தெரிய ஹவுசிங்கைத் திறக்க வேண்டியதில்லை. கழற்றிக் கிடக்கும் ஆக்ஸிலில் இரண்டு சக்கர முனைகளையும் ஒரே திசையில் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் முனையில் சாக்பீஸால் போட்ட கோடு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். ஐந்தே கால் சுற்றைத் தாண்டினால் 5.38. ஐந்துக்குச் சற்றுக் குறைந்தால் 4.88. நான்கே கால் என்றால் 4.27. விலை பேசுமுன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவழிப்பவர்கள் குறைவு.

“ஏறினால் போதும், இறங்கும்போது வண்டி தானாக இறங்கிவிடும்.”

இந்த ஒரு நம்பிக்கைக்காகவே இந்தப் பத்தியை எழுதலாம். மலையில் ஆக்ஸிலை ஏற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பார்க்க வேண்டியது இறக்கத்தை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமையோடு இரண்டரை டன் எடையுள்ள பிக்கப் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது சுமார் 1,900 மீட்டர் உயரத்தை இழக்கிறது. அந்த ஆற்றலை மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 13 யூனிட். குளிர்ந்த தண்ணீர் 130 லிட்டருக்கு மேல் கொதிக்கப் போதுமான சூடு. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் டிரம் தாங்க வேண்டும்.

5.38ஐ எடுத்துவிட்டு 4.27ஐப் போட்டால், அதே கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வலு ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. எஞ்சின் சுற்றும் குறைவதால் உண்மையான இழப்பு அதைவிடக் கூடுதல். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பெட்ரோல் ஜீப்புக்கு டீசல் எஞ்சின் மாற்றியவர்கள்தான் வேகம் போதவில்லை என்று சின்ன விகிதத்தைத் தேடுகிறார்கள். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் காற்றுவழி அடைபட்டு வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். பழைய டீசல்கள் பலவற்றில் அப்படி அடைக்கும் தகடு கிடையாது. ஆகவே எஞ்சின் பிடிப்பு ஏற்கெனவே குறைந்துபோன வண்டியில், ஆக்ஸிலையும் மாற்றி மிச்சத்தையும் குறைக்கிறார்கள். பர்லியாறு தாண்டும்போது பின்னால் வருகிறவர் மூக்கில் லைனிங் கருகும் வாடை அடிக்கும். சூடேறிய டிரம் விரிந்து, லைனிங் பிடிமானம் விட்டு, பெடல் தரையைத் தொடும். குன்னூர்–மேட்டுப்பாளையம் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள், கல்லட்டியில் 36. இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி வைத்திருக்கும் பலகை, சக்கரத்துக்கு வந்து சேரும் விகிதம் சரியாக இருக்கும் வண்டிக்குத்தான் பொருந்தும்.

“ஆக்ஸில் மாற்றியதும் மைலேஜ் கூடிவிட்டது.”

கூடியது மீட்டரில். ஜீப்பில் ஸ்பீடாமீட்டர் கேபிள் கியர்பெட்டிப் பக்கத்திலிருந்து புறப்படுகிறது, சக்கரத்திலிருந்து அல்ல. 4.27 இருந்த இடத்தில் 5.38ஐ மாட்டினால், 100 கிலோமீட்டர் ஓடியதை மீட்டர் 126 என்று காட்டும். டீசல் அளவு மாறாது, கிலோமீட்டர் மட்டும் கூடும். உரிமையாளர் சந்தோஷப்படுவார். எதிர்ப்பக்கம் மாற்றியவருக்கு முள் 40இல் நிற்கும்போது வண்டி 50இல் போய்க்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது பொய் ஆளைக் கொல்லக்கூடியது. சின்ன விகிதத்தால் டீசல் மிச்சமாவது டாப் கியரில் நீளமாக ஓடும் சாலையில்தான். எஸ்டேட் பாதையில் டாப் கியர் எங்கே விழுகிறது?

“அண்ணே, ஃபோர்வீல் வண்டிதானே, பின்னாடி மட்டும் மாத்தினா போதும்.”

போதாது. முன்னால் 5.38, பின்னால் 4.88 என்றால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே தூரத்தை வெவ்வேறு கணக்கில் ஓட முயலும். பத்து சதவீத வித்தியாசம். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் முறுக்கம் முழுவதும் புரொப்பல்லர் ஷாஃப்டிலும் ஜாயின்ட் கிராஸிலும் ஏறும். ஃபோர்வீல் லீவர் இறுகிக்கொண்டு வெளியே வராது. மாற்றினால் இரண்டையும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

டிஃப்ரன்ஷியலை வெல்டு அடித்துவிட்டால் சேற்றில் மாட்டாது என்பவர்களும் உண்டு. மாட்டாதுதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் ஒரே சுற்று சுற்றியாக வேண்டும். மழை ஈரத்தில் ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போகும். டயர் தேய்வதையும் ஆக்ஸில் ஷாஃப்ட் முறிவதையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

“ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு, தைரியமா கீழே படுங்க.”

பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் டிரம் பின்சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உட்கார்ந்து புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் அது பிடிக்கிறது. அந்த ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் லீவர் மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் ஒன்றுதான். கியரில் போட்டு நிறுத்தியிருப்பதும் பயன்படாது. ஷாஃப்டைத் தொடாமல் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினாலும் ஆபத்து உண்டு. தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். நீலகிரியில் சமதளத்தில் அமைந்த பட்டறை அபூர்வம். முன்சக்கரம் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை வைத்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும். வழியில் கிடைத்த கல்லை முட்டுக் கொடுப்பது கட்டை வைத்ததாகாது.

“ஆக்ஸில் பலமாயிடுச்சு, இனி அரை டன் சேர்த்து ஏத்தலாம்.”

கமான் பட்டை, சேஸிஸ், டயர், முன் பிரேக் எல்லாம் பழையபடியே இருக்கின்றன. பெரிய ஆக்ஸிலோடு வரும் பெரிய வீல் சிலிண்டரால் பின்பக்கம் முதலில் பூட்டிக்கொண்டு, ஈரச் சாலையில் வண்டி வால் வீசும். ஹவுசிங்கில் கமான் உட்காரும் இருக்கைகளின் இடைவெளி பொருந்தாமல் அவற்றை வெட்டி வெல்டு வைத்தால், அந்தச் சூட்டில் குழாயே வளைந்துபோகலாம். பினியனின் சாய்வு மாறினால் ஜாயின்ட் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

அதே மாடலின் அதே ஆக்ஸிலைப் போடுவது வெறும் பழுதுபார்ப்பு. வேறு வண்டியின் ஆக்ஸிலைப் போட்டு சுமையைக் கூட்டுவது வேறு விவகாரம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சரக்கு வண்டிக்கு அனுமதித்த எடையும் அந்த விவரங்களில் அடங்கும். அதிகச் சுமைக்குச் சட்டம் சொல்லும் அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

“சத்தமே இல்லாத ஆக்ஸில் நல்ல ஆக்ஸில்.”

சத்தத்தை அடக்க ஆயிலில் மரத்தூளைக் கலந்து விற்பது பழைய வித்தை. சென்னை புதுப்பேட்டையிலோ வேறெங்கோ வாங்கினாலும், முதலில் ட்ரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். நெருநெருத்தால் கூழாகிப்போன தூளோ இரும்புப் பொடியோ இருக்கிறது என்று பொருள். பிறகு பின் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். கிரௌனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை, ஒன்றை மட்டும் மாற்றினால் எந்த மெக்கானிக்காலும் ஊளையை நிறுத்த முடியாது. கிரௌன் ஓரத்திலும் பினியன் முகப்பிலும் பொறித்திருக்கும் ஜோடி எண் ஒன்றாக இல்லையென்றால், விலை கேட்காமலே திரும்பிவிடலாம்.