மாதாமாதம் டிவிடெண்ட் தரும் ஃபண்ட்: வாங்கும் முன் 9 குறிப்புகள்

அமெரிக்காவில் ஓய்வுக்காலச் சேமிப்பை வைத்திருப்பவர்களைச் சுலபமாக இழுப்பவை ‘குளோஸ்டு எண்ட்’ வருமான ஃபண்டுகள். ‘9 சதவிகிதம் டிவிடெண்ட்’ என்ற எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். ஃபண்டை நடத்துகிறவர்களின் சொந்தப் பணம் அதில் இருக்கிறதா, பெரிய பங்கு யார் கையில் என்பதையும் பாருங்கள். எல்லாம் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கிறது.

1. சாதாரண மியூச்சுவல் ஃபண்டில் பணம் வேண்டுமென்றால் ஃபண்டே நம் யூனிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். இதில் அப்படியில்லை, பங்குச் சந்தையில் இன்னொருவர் வாங்கினால்தான் நம் கைக்குப் பணம் வரும். அதனால் சந்தை விலை ஒன்றாகவும், ஃபண்டின் சொத்து மதிப்பான என்ஏவி வேறாகவும் இருக்கும்.

2. என்ஏவி 10 டாலர், விலை 9 டாலர் என்றால் 10 சதவிகித டிஸ்கவுன்ட். உடனே மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அதே ஃபண்டின் கடந்த சில வருட டிஸ்கவுன்டோடு ஒப்பிடுங்கள். வழக்கமாகவே 12 சதவிகிதம் என்றால், இன்றைய 10 மலிவே அல்ல.

3. டிவிடெண்ட் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நிகர வருமானம் போதாமல் வேறு வழியில் எடுத்துக் கொடுத்தால், ‘19ஏ’ அறிவிப்பில் ஃபண்ட் அதைச் சொல்லியாக வேண்டும். அதில் ‘மூலதனம் திருப்பித் தரப்படுகிறது’ என்று இருந்தாலே தப்பு என்று அர்த்தமில்லை. ஆனால் கூடவே என்ஏவியும் வருடா வருடம் தேய்ந்தால், விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிறோம் என்று புரிந்துகொள்ளுங்கள்.

4. இயக்குநர்கள், அதிகாரிகள், ஆலோசனை நிறுவனம், 10 சதவிகிதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் ஆகியோர் சட்டப்படி ‘இன்சைடர்கள்’. இவர்கள் தங்கள் ஃபண்டின் பங்கை வாங்குவதோ விற்பதோ குற்றமல்ல. ஆனால் 2 வேலை நாட்களுக்குள் ‘ஃபார்ம் 4’ தாக்கல் செய்ய வேண்டும். பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி-யின் ‘எட்கர்’ தளத்தில் ஃபண்டின் பெயரைப் போட்டுத் தேடினால் கிடைக்கும்.

5. ஃபார்ம் 4-ஐப் படிக்க ஐந்து நிமிடம் போதும். குறியீட்டுக் கட்டத்தில் ‘பி’ என்றால் காசு கொடுத்து வாங்கியது. ‘எஸ்’ என்றால் விற்றது. ‘டி’ என்ற எழுத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். பங்கு எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வரும் ‘டி’, கைவிட்டுப் போன பங்கு. கடைசியில் வரும் ‘டி’, தன் பெயரிலேயே நேரடியாக வைத்திருப்பது. அந்த இடத்தில் ‘ஐ’ இருந்தால், மனைவி பெயரிலோ டிரஸ்ட் பெயரிலோ இருக்கலாம். ஒருவர் விற்றதைப் பார்த்துப் பதற வேண்டாம். வீடு வாங்கவோ வரி கட்டவோ விற்றிருக்கலாம். பலர் அடுத்தடுத்து ‘பி’ போட்டிருந்தால் கவனியுங்கள்.

6. ஆண்டுக் கூட்டத்துக்கு முன் வரும் ‘பிராக்ஸி’ அறிக்கையைக் குப்பையில் போடாதீர்கள். இயக்குநர் தேர்தல் இருந்தால், ஒவ்வொரு இயக்குநரும் அந்த ஃபண்டில் எவ்வளவு வைத்திருக்கிறார் என்ற பட்டியல் அதில் இருக்கும்: எதுவுமில்லை, 10,000 டாலர் வரை, 50,000 வரை, 1,00,000 வரை, அதற்கு மேல். பல வருடங்களாகச் சம்பளம் வாங்கும் இயக்குநரின் பெயருக்கு நேரே ‘எதுவுமில்லை’ என்று இருந்தால், நம் பணத்தைப் போடுமுன் இன்னொரு முறை யோசிப்பது நல்லது.

7. 5 சதவிகிதத்துக்கு மேல் வைத்திருப்பவர் யார் என்று பாருங்கள். ‘13ஜி’ தாக்கல் செய்தவர் பெரும்பாலும் வெறும் முதலீட்டாளர். ‘13டி’ என்றால் நிர்வாகத்தில் தலையிடும் எண்ணம் இருக்கலாம். வங்கிக் கடன்களில் முதலீடு செய்துவந்த வோயா பிரைம் ரேட் டிரஸ்டில் பங்கு சேர்த்த சபா கேபிடல், 2020-ல் தன் வேட்பாளர்களை டிரஸ்டிகளாக ஜெயிக்க வைத்தது. 2021-ல் நிர்வாகமே சபாவின் கைக்குப் போய், ஃபண்டின் பெயரும் மாறியது. இப்படிப்பட்டவர்கள் நுழைந்தால் டிஸ்கவுன்ட் குறைந்து லாபம் வரலாம். நாம் நம்பி வாங்கிய ஃபண்டே வேறொன்றாக மாறியும் போகலாம். ஓட்டுச் சீட்டு வந்தால் படித்துப் பார்த்து ஓட்டுப் போடுங்கள்.

8. இன்சைடர் ஒருவர் வாங்கி 6 மாதத்துக்குள் விற்று லாபம் பார்த்தால், அந்த லாபத்தை ஃபண்டுக்கே திருப்பித் தர வேண்டும். ஃபண்ட் கேட்காமல் இருந்தால், ஃபண்டுக்காகப் பங்குதாரரே வழக்குப் போடலாம். சிறு முதலீட்டாளருக்குச் சட்டம் தந்திருக்கும் நல்ல பாதுகாப்பு இது.

9. ‘அடுத்த மாதம் டிவிடெண்டைக் குறைக்கப் போகிறார்கள், இப்போதே விற்றுவிடு’ என்று ஃபண்டில் வேலை பார்க்கும் உறவுக்காரர் சொன்னால், விற்காதீர்கள். யாரிடமும் சொல்லவும் வேண்டாம். வெளியே வராத முக்கியத் தகவலை வைத்து வியாபாரம் செய்தால், சொன்னவர், கேட்டவர் இருவருமே மாட்டலாம். அபராதம் லாபத்தைப் போல் 3 மடங்கு வரை, சிறை 20 வருடம் வரை போகலாம். கொழும்பில் பிறந்த தமிழர் ராஜ் ராஜரத்தினம், கேலியன் என்ற பெரிய ஹெட்ஜ் ஃபண்டை நடத்தியவர். நிறுவனங்களின் உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்த வழக்கில் 2011-ல் அவருக்கு 11 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அறிவிப்பு எல்லோருக்கும் வந்த பிறகு முடிவெடுத்தால் கொஞ்சம் நஷ்டம் வரலாம். ராத்திரி தூக்கம் போகாது.